அலமாரியை அவசரமாகக் காலி செய்யாதீர்கள்

அடக்க ஆராதனை முடிந்த வாரத்திலேயே பல வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் ஊர் திரும்புவதற்குள் இறந்தவரின் உடைகளை மூட்டை கட்டுகிறார்கள். கண்ணாடி, கைத்தடி, மருந்து டப்பா, செருப்பு எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போய்விடும். "பார்த்துப் பார்த்து அழுவாள், கண்ணில் படாமல் இருப்பதே நல்லது" என்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் துக்க ஆலோசகராக நாகர்கோவிலில் நான் சந்திப்பவர்களில் பலருக்கு, மரணத்தோடு சேர்ந்து அந்த மூட்டையும் மாதக்கணக்கில் ஆறாத வலியாக இருக்கிறது. கணவரின் ஒரு சட்டையையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அன்று அதைக் கேட்க வாய் வரவில்லை. விசுவாசம் இல்லாதவள் என்று சபையார் நினைத்துவிடுவார்களோ என்று பயந்தார்.

இந்தப் பயம் தேவையில்லாதது. "அவர் மகிமைக்குள் போய்விட்டார், பரலோகத்தில் மறுபடியும் பார்ப்போம், அழாதே" என்று துக்க வீட்டில் சொல்கிறோம். முதல் இரண்டும் நம் விசுவாசம். மூன்றாவதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், துக்கப்படவே கூடாது என்று பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்கிறார். இறந்துபோன லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அழுதுகொண்டிருந்த லாசருவின் சகோதரி மரியாளைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நினைவுப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது நான் அதிகமாகக் காட்டும் பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரம். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்ததும் பேதுருவை அழைத்து வருகிறார்கள். மேல்வீட்டில் விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று, தொற்காள் உயிரோடிருந்தபோது தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுகிறார்கள். அந்தத் துணிகளை உள்ளே கொண்டுபோய் வையுங்கள் என்று பேதுரு சொன்னதாக வேதத்தில் இல்லை. இறந்தவரின் கைபட்ட பொருளை எடுத்துக் காட்டி, "இவர் எங்களுக்கு இப்படி இருந்தார்" என்று சொல்வதே துக்கத்தின் முக்கியமான வேலை. மனநல ஆய்வும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் பணி என்று 1917இல் உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபிராய்டு எழுதினார். 1990களில் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மேன் போன்ற துக்க ஆய்வாளர்கள், உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது பெரும்பாலும் இயல்பானதே என்று எடுத்துக்காட்டினார்கள்.

எங்கள் மாவட்டத்தின் கடற்கரையில் இதை வேறொரு விதமாகப் பார்த்தோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றவும் பூ வைக்கவும் மற்றவர்களுக்கு ஒரு கல்லறை இருக்கிறது. இந்தக் குடும்பங்களுக்கோ, கொடியில் தொங்கிய சட்டையும் சுவரில் மாட்டிய படமும்தான் மிச்சம். அப்படிப்பட்ட வீட்டில் "அவர் மோட்சத்தில் இருக்கிறார்" என்று அவசரப்பட்டுச் சொன்னால், தேடுவதை நிறுத்திவிடு என்று சொன்னதுபோல் அந்தத் தாய்க்குக் கேட்கும். உடலும் கிடைக்காமல், உறுதியும் இல்லாமல் தவிக்கும் இத்தகைய இழப்பை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் நிச்சயமற்ற இழப்பு என்று அழைத்தார். ஆறுதல் சொல்லப் போகிறவர் அங்கே செய்யக்கூடியது, உடன் உட்கார்ந்திருப்பதும் அந்தக் குடும்பத்தார் சொல்வதைக் கேட்பதும்தான்.

பொருள்களை எப்போது எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை மிக நெருங்கியவரே முடிவு செய்யட்டும். கொடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி இருந்தால், ஒரு பெட்டியில் போட்டு உறவினர் வீட்டில் சில மாதம் வைத்திருங்கள். அடிக்கோடிட்ட வேதாகமம், பாட்டுப் புத்தகத்தில் மடித்து வைத்த சீட்டு, கையெழுத்துள்ள கணக்கு நோட்டு ஆகியவை குப்பையென்று தோன்றினாலும் தொடாதீர்கள். கிழிந்த பக்கங்களுக்கு ஒட்டும் டேப் போட வேண்டாம்; அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். குரலையும் மறக்க வேண்டாம். பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள்களில் நீக்கப்படும், கைபேசி எண்ணும் பின்னர் வேறொருவருக்குப் போய்விடக்கூடும். குரல் பதிவுகளை முதல் மாதத்திலேயே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். கேட்க இப்போது துணிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

குழந்தைகளிடம் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும். "இயேசப்பாவுக்கு உன் அப்பாவை ரொம்பப் பிடித்தது, எடுத்துக்கொண்டார்" என்று கேட்ட குழந்தை, அம்மாவையும் அவருக்குப் பிடித்துவிடுமோ என்று இரவில் நடுங்குகிறது. அப்பா தூங்குகிறார் என்று சொன்னால் படுக்கைக்குப் போகவே பயப்படுகிறது. உடம்பு சரியில்லாமல் இறந்துவிட்டார், இனி இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு நம் நம்பிக்கையைச் சொல்லுங்கள். அப்பாவின் ஒரு பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

"மோட்சத்தில் அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசு தம் காயத் தழும்புகளைத் தோமாவுக்குக் காட்டினார் என்பதை நினைவூட்டுவேன். பூமியில் பட்டது எதுவும் அந்தச் சரீரத்திலிருந்து அழிக்கப்படவில்லை. அதற்குமேல் உள்ளதைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்கச் சொல்வேன்.

சட்டையை வைத்திருப்பது நோயல்ல. ஆனால் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கிக்கொண்டே இருந்தால் உதவி தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. குறைந்தது 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. ஒரு வாக்கியத்துக்கு மட்டும் 6 மாதம் காத்திருக்கக் கூடாது: "நானும் அவரிடமே போய்விடுகிறேன்." நம் வீடுகளில் இதைப் பக்தியாக எடுத்துக்கொண்டு தலையசைத்துவிடுகிறோம். குழந்தையை இழந்த தாவீதும் "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்றார். ஆனால் எழுந்து குளித்து, சாப்பிட்டு, மனைவி பத்சேபாளுக்கு ஆறுதல் சொன்ன நாள்களில் சொன்னது அது. சாப்பாட்டை ஒதுக்கி, மாத்திரைகளைச் சேர்த்துவைத்து, நகைகளைப் பங்கிட்டுக் கொடுத்தபடி ஒருவர் இதைச் சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. அவரைத் தனியே விடாமல், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ உடனே அழையுங்கள். எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.