சாட்சிக் கூண்டில் கடவுள் பெயர்: கட்டாயமா, விருப்பமா?

சினிமாவில் சாட்சி கூண்டில் ஏறியதும் பகவத் கீதையை நீட்டுவார்கள். நிஜ நீதிமன்றத்தில் அந்த வழக்கம் இல்லை. கங்கை நீர், குர்ஆன் மீது சத்தியம் வாங்குவதைக் கம்பெனி ஆட்சியின் 1840ஆம் ஆண்டுச் சட்டமே நிறுத்திவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பது 1969ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டம். அதன் படிவத்தில் இரண்டு வழிகள் உண்டு: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எதைச் சொல்வது என்பது பிரிவு 5-ன்படி சாட்சியின் விருப்பம். காரணம் சொல்லவோ, நாத்திகர் என்று அறிவிக்கவோ தேவையில்லை.

அப்படியானால், படிவத்தில் கடவுள் பெயர் இருப்பது அரசின் மதக் கூற்றா? இல்லை என்பதே என் கருத்து. மறுக்க வழி இருக்கும்வரை அது சொல்பவரின் கூற்று. வழியில்லாத இடத்தில்தான் அரசின் கூற்றாகிறது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பின் முகவுரையைக் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்கச் சொல்லி உறுப்பினர் எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை என்று இன்னொரு உறுப்பினர் பட்டம் தாணு பிள்ளை எதிர்த்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது. முகவுரை எல்லோர் பெயராலும் பேசுகிறது, அதில் யாரும் விலகி நிற்க முடியாது. அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பதவியேற்கும் வாசகங்களைத் தரும் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலோ இரண்டு வழிகளும் இருக்கின்றன.

மூன்றாவது வழி மட்டும் கிடையாது. 2001இல் கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் பதவியேற்றார். அது செல்லாது என்றது கேரள உயர் நீதிமன்றம். முறையாக உறுதிமொழி எடுக்காமல் அவையில் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 193.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஊழியர் பழக்கதோஷத்தில் கடவுள் பெயரையே சொல்லிக்கொடுப்பார், சாட்சியும் பதற்றத்தில் திருப்பிச் சொல்லிவிடுவார். ஆகவே, கூண்டில் ஏறுமுன் “உறுதி கூறுகிறேன் என்றே சொல்கிறேன்” என்று வழக்கறிஞர் மூலம் தெரிவித்துவிடுங்கள். தவறிச் சொல்லிவிட்டாலும் சாட்சியம் கெட்டுப்போகாது. பிரமாணம் விடுபட்டாலோ மாறினாலோ நடவடிக்கை செல்லும் என்கிறது சத்தியப் பிரமாணச் சட்டத்தின் பிரிவு 7. எதிர்த்தரப்பு இதை வைத்துக் குறுக்கு விசாரணையில் மிரட்டினால் அசர வேண்டாம்.

உறுதி மட்டும் கூறினால் பொய் சொல்லலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 229-க்கு இரண்டும் ஒன்றுதான். பொய்ச்சாட்சிக்கு ஏழாண்டுவரை சிறை. எந்த வழியையும் ஏற்காமல் அடம்பிடிப்பதும் குற்றம், பிரிவு 213.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிரமாணத்தின் தன்மை புரியாவிட்டாலும், உண்மை பேசும் கடமை புரிகிறது என்று நீதிபதி கருதினால் இரண்டுமே இல்லாமல் சாட்சி சொல்ல வைக்கலாம். அதை அறிய நீதிபதி குழந்தையிடம் கேட்கும் கேள்விகளும் பதில்களும் பதிவாகின்றனவா என்று வழக்கறிஞர் கவனிக்க வேண்டும். மேல்முறையீட்டில் முதலில் தேடுவது அதைத்தான்.