காற்றின் மேல் மிதக்கும் ஹெட்: பேக்கப் எடுக்க எந்த டிஸ்க் வாங்குவது?

“வீட்டுக் கணினியில் சேர்ந்துவிட்ட புகைப்படங்களையும் ஆவணங்களையும் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா? எந்த கம்பெனி நல்லது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. எந்த நிறுவனத்தின் டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். எப்படி நிற்கும், எதனால் நிற்கும் என்பது அது வேலை செய்யும் விதத்தைப் பொறுத்தது. அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் கொள்ளளவு. உங்கள் கோப்புகள் இன்று பிடிக்கும் இடத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் போதும். 1 டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டினால் யாரும் உங்களை ஏமாற்றிவிடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. இணைப்பு யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். 500 ஜிகாபைட் அளவுள்ள பெரிய கோப்புகளை நகலெடுக்க யூஎஸ்பி 2 நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி 3 என்றால் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும்.

இனி அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் சுழல்கின்றன, ஒரு கை முன்னும் பின்னும் நகர்கிறது, கையின் நுனியில் உள்ள ஹெட் எழுதுகிறது, படிக்கிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம். அந்த ஹெட் தட்டைத் தொடுவதில்லை என்பதும் பலருக்குத் தெரியும். தொடாமல் அதைத் தாங்குவது எது என்பதுதான் என்னை எப்போதும் வியக்க வைப்பது.

தாங்குவது காற்று. தட்டு சுழலும்போது அதன் பரப்பை ஒட்டியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் இரண்டரை அங்குல டிஸ்க்கின் வெளி விளிம்பு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஹெட் பொருத்தப்பட்டிருக்கும் சில்லு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு அதைச் சில கிராம் எடைக்குச் சமமான விசையோடு தட்டை நோக்கி அழுத்துகிறது. சில்லு இலேசாகச் சாய்ந்திருப்பதால் ஓடிவரும் காற்று குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் நுழைந்து நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்றின் அழுத்தம் சில்லை மேலே தூக்குகிறது. சில்லு தட்டுக்கு இன்னும் அருகே போனால் அழுத்தம் கூடி அதை மேலே தள்ளும். விலகினால் அழுத்தம் குறைந்து ஸ்பிரிங் அதைக் கீழே கொண்டுவரும். நொடிக்கு நொடி நடக்கும் இந்தத் திருத்தத்துக்கு எந்த உணரியும் தேவையில்லை, எந்த நிரலும் ஓடவில்லை. வடிவமே போதுமானதாக இருக்கிறது.

1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். அதில் ஹெட்டை விலக்கி வைக்க வெளியிலிருந்து அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தினார்கள். இடைவெளி சுமார் 20 மைக்ரோமீட்டர். தட்டு இழுத்துவரும் காற்றிலேயே மிதக்கும் ஹெட் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. இன்று அந்த இடைவெளி சில நானோமீட்டர்கள், அதாவது சில ஆயிரம் மடங்கு சுருங்கிவிட்டது.

இதில் இன்னொரு அதிசயம் ஒளிந்திருக்கிறது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுவதற்கு முன் சராசரியாகச் சுமார் 70 நானோமீட்டர் பயணம் செய்கிறது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் அத்தனை தூரமே இல்லை. அங்கே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிட மேலும் கீழும் உள்ள பரப்புகளில்தான் அதிகம் மோதுகின்றன. காற்றை ஓடும் திரவமாக எண்ணி எழுதிய வழக்கமான சமன்பாடுகள் அங்கே அப்படியே பொருந்துவதில்லை. திருத்திப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஹெட்டுக்குள் ஒரு நுண்ணிய வெப்பமூட்டியும் உண்டு. எழுதவோ படிக்கவோ வேண்டிய கணத்தில் அது ஹெட்டின் நுனியைச் சூடேற்றி, சில நானோமீட்டர் மட்டும் புடைக்க வைத்துத் தட்டை நெருங்கச் செய்கிறது.

காற்று இல்லாவிட்டால் ஹெட் மிதக்காது. அதனால்தான் பல டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இயக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே காற்று மெலிந்துவிடுகிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில், வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு துளை இருப்பதும் இதற்காகத்தான். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். (ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளில் இந்தத் துளை கிடையாது. அவை முழுவதும் மூடி முத்திரையிடப்பட்டவை.)

மின்சாரம் திடீரென்று போனால் தட்டு நிற்கும், காற்று நிற்கும், ஹெட் தட்டின் மேல் விழ வேண்டும். ஆனால் விழுவதில்லை. இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறுகிறது. அது தரும் மின்சாரத்தைக் கொண்டே கை பின்வாங்கி, தட்டுக்கு வெளியே உள்ள சரிவின் மேல் ஹெட்டை ஏற்றி நிறுத்திவிடுகிறது.

வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கிறது? ஹெட் சரிவில் நிற்கும்போது ஹார்ட் டிஸ்க் ஓரளவு அதிர்ச்சியைத் தாங்கும். ஓடும்போது மேசையிலிருந்து தள்ளிவிட்டால் ஹெட் தட்டில் மோதும், பூச்சு உரியும், அங்கே எழுதியிருந்தவை திரும்பாது. ஆகவே ஓடும் டிஸ்க்கைக் கையில் எடுக்காதீர்கள். கணினியில் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகும் சில நொடிகள் பொறுத்து எடுங்கள். ‘டக், டக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஓட்டும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம்.

நின்றுபோன டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று இன்றும் சிலர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. குளிர்ந்த டிஸ்க் வெளியே வந்ததும் அதன்மேல் ஈரம் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஓட வேண்டிய ஹெட்டின் பாதையில் நீர்த்துளியை வைப்பது வைத்தியமல்ல. மீட்டிருக்கக்கூடிய புகைப்படங்களை இந்த மூடநம்பிக்கை அழித்துவிடும்.

படிக்கும் ஹெட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1988-இல் பிரான்ஸில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்கும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள்: சில அணுக்கள் தடிமனே உள்ள இரும்பு, குரோமியம் அடுக்குகளின் மின்தடை, காந்தப்புலத்தில் எதிர்பாராத அளவுக்கு மாறியது. 1997-இல் அந்த விளைவைப் பயன்படுத்தும் ஹெட் சந்தைக்கு வந்தது. 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. மெல்லிய உலோக அடுக்குகளின் காந்தப் பண்பை ஆராய அவர்கள் நிதி கேட்டபோது “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்ற கேள்வியை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால், நம் மேசையில் டெராபைட் டிஸ்க் வந்திருக்க வெகுகாலம் ஆகியிருக்கும். அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் வெட்டும் அரசுகள் கண்டுபிடிப்பு சந்தைக்கு வர எடுத்துக்கொண்ட இந்த ஒன்பது ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விவரக் குறிப்பில் எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். சிஎம்ஆர் முறையில் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் முறையில், கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடம் முந்தைய தடத்தின் ஓரத்தை மூடியபடி எழுதப்படும். இடம் மிச்சமாகும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதற்கு மேல் ஏறியிருப்பவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். தினமும் கோப்புகளைத் திருத்தும் வேலைக்கு இது மெதுவானது. ஒருமுறை எழுதி எடுத்து வைக்கும் பேக்கப்புக்குப் போதுமானது. கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க்குகளில் பல இப்போது எஸ்எம்ஆர்தான். அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. மின்கடத்தாப் படலத்தின் ஊடாக எலக்ட்ரான்களை நுழைய வைத்து, உள்ளே சிறைப்படுத்தி, எத்தனை இருக்கின்றன என்று அளந்து தகவலைப் படிக்கிறார்கள். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேகமும் பல மடங்கு. ஆனால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன, வெப்பம் கூடினால் கசிவும் கூடும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கான தொழில் தரம் எதிர்பார்ப்பது இதுதான்: எழுதும் ஆயுள் (எவ்வளவு எழுதலாம் என்ற வரம்பு) முழுவதும் தீர்ந்த நிலையிலும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் சாதனத்துக்கு நான் ஹார்ட் டிஸ்க்கையே பரிந்துரைப்பேன். பையில் போட்டுத் தினமும் எடுத்துச் செல்பவருக்கு எஸ்எஸ்டி.

விலை உயர்ந்த ஒன்றைவிட, சாதாரணமான இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவையாக இருக்க வேண்டாம். ஒரே தொகுப்பில் தயாரானவற்றில் ஒரே குறை இருக்கக்கூடும். ஒன்றை உறவினர் வீட்டிலோ அலுவலகத்திலோ வைத்துவிடுங்கள். பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

வாங்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள். சில டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்ட் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பெட்டிக்குள் இருக்கும் சிப் எல்லாவற்றையும் மறைக்குறியாக்கி, அதாவது அந்தச் சிப் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, எழுதும். போர்ட் உடைந்தாலோ சிப் கெட்டாலோ, தட்டு நன்றாக இருந்தும் வேறு பெட்டிக்கு மாற்றிப் படிக்க முடியாது. கடவுச்சொல் வைத்துப் பூட்டினால் அதைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கிலிருந்து தள்ளி வேறோர் இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய புகைப்படம் ஒன்றையும் நீளமான வீடியோ ஒன்றையும் முழுவதுமாகத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் பட்டியலில் தெரிவதால் மட்டும் உள்ளடக்கம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் தட்டில் வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன.