புள்ளிக் குதிரை வளர்ப்பவர்கள் கண்களையும் பாருங்கள்

அந்தப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பலூஸ் பகுதியின் கோதுமை வயல்களுக்கு நடுவே அவருடைய பண்ணை. அறுபது வருடமாக அப்பலூசா என்னும் புள்ளிக் குதிரைகளைத் தவிர வேறெதையும் வளர்த்ததில்லை. குதிரை மருத்துவரான என்னை அவர் அழைத்தது, பொழுது சாய்ந்ததும் வேலியில் மோதிக்கொள்ளும் ஒரு குட்டிக்காக.

"பகலில் சாது, டாக்டர். இருட்டினால் மிரண்டு ஓடுகிறது. முரட்டு ரத்தம் போல" என்றார்.

குட்டிக்குப் பிறவியிலேயே மாலைக்கண்.

அவர் மனம் நோகும் என்று தெரிந்தே சொன்னேன். நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் பேணி வளர்த்த குதிரைகள் இவை. 1877 போரில் அவர்கள் தோற்றபின் குதிரைகள் பறிபோய்ச் சிதறின. 1938-இல் ஓரிகன் மாநிலத்தின் மோரோ ஊரில் கிளாட் தாம்சன் என்ற விவசாயி இவற்றுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். அதன்பின் இந்த இனம் நிலைத்தது இவரைப் போன்ற பண்ணைக்காரர்களின் உழைப்பால்தான்.

புள்ளிக்கு அடிப்படையான மரபணு மாற்றம் இருப்பது டி.ஆர்.பி.எம்.1 என்ற மரபணுவில். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் குட்டி பெரும்பாலும் வெளுத்து, புள்ளி குறைந்து பிறக்கும். அப்படிப்பட்ட பொலிகுதிரைக்குத்தான் கிராக்கி அதிகம்; பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் அந்த மாற்றத்தைத் தவறாமல் தரும். ஆனால் மங்கிய ஒளியில் விழித்திரையின் செய்தி அடுத்த உயிரணுவைச் சென்றடைய அதே மரபணு வேண்டும். தாயிடமும் தந்தையிடமும் வந்த இரு பிரதியும் மாறியிருந்தால் இருட்டில் பார்வை இல்லை. பகல் பார்வைக்குக் குறைவில்லை. வயதாக ஆக இது முற்றுவதுமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சி. நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு வந்துபோவதாக நம்பி, அந்தக் காலத்தில் நிலாக் குருடு என்றார்கள். மற்ற இனங்களைவிட அப்பலூசாவுக்கு இது வரும் வாய்ப்பு சுமார் எட்டு மடங்கு. மற்ற குதிரைகள் கண்ணீர் வடித்து, இமையை இறுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்பலூசாவிலோ பல சமயம் வலியே தெரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும். கருவிழி மங்கி, கண் சுருங்கிய பிறகு கூட்டி வருகிறார்கள். அப்போது என் கையில் அதிகம் ஒன்றும் இருப்பதில்லை.

அதனால் கண்ணில் லேசான மங்கல் தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் போடவே போடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் கண்ணே போய்விடும்.

இணை சேர்க்கும் முன் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் மரபணுப் பரிசோதனை செய்து தருவார்கள். புள்ளியோடு புள்ளியைச் சேர்த்தால், இரண்டிலும் மாறிய பிரதி ஒன்று இருக்கும்போது, நான்கில் ஒரு குட்டிக்கு மாலைக்கண் வரும் வாய்ப்பு. இரு பிரதியும் மாறிய பொலிகுதிரையை அந்த மாற்றமே இல்லாத பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குட்டிக்கும் மாறிய பிரதி ஒன்றுதான், மாலைக்கண் வராது.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பழைய பதிவேட்டை எடுத்து, இருட்டில் மிரண்ட குதிரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டார். பதினொன்று வந்தது. அந்தக் குட்டி இப்போது வெளிச்சம் மங்கும் முன்பே லாயத்துக்கு வந்துவிடுகிறது. கதவருகே இரவு முழுக்க ஒரு விளக்கு எரிகிறது.