முகம் மறந்துபோனவருக்கு என்ன உரிமை உண்டு?

மீசையை எடுத்துவிட்டு வந்த மேலாளரிடம், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிடுகிறார் ஓர் ஊழியர். மேலாளர் பேசத் தொடங்கியதும் குரலை வைத்து ஆளைக் கண்டுகொள்கிறார். அதற்குள் திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கியாயிற்று. சில மாதங்களுக்கு முன் அந்த ஊழியருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. கை, கால், பேச்சு எல்லாம் சரியாகிவிட்டன. முகங்கள் மட்டும் பிடிபடவில்லை.

இந்த முகமறியாமைக்கு 1947-இல் 'புரோசோபக்னோசியா' என்று பெயரிட்டவர் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர். பக்கவாதம், தலையில் அடி, மூளையழற்சி போன்றவற்றால் மூளையின் பின்புற அடிப்பகுதி, குறிப்பாக வலப்பக்கம், சேதமானால் இது வரலாம். கண், மூக்கு, வாய் எல்லாம் தெரியும். யாருடையவை என்பதுதான் தெரியாது. கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவதால், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு, 2008 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நோய்ப் பட்டியல் கிடையாது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்கிறதா என்றுதான் பிரிவு 1 பார்க்கிறது. பிறவியிலேயே வந்ததா, நடுவில் வந்ததா என்ற பேதமும் இல்லை. வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தவர்களைப் பிரிவு 27 தனியாகவே குறிப்பிடுகிறது.

கேட்க வேண்டியது 'நியாயமான வசதி ஏற்பாடு', அதாவது ஒருவரின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றம். அளவுக்கு மீறிய சுமை ஆகாதவரை அதைச் செய்து தர வேண்டும். மறுப்பதே பாகுபாடு என்கிறது பிரிவு 2. முகமறியாமைக்கு இதில் பெரிய செலவே இல்லை. எல்லோரும் பெயர் அட்டை அணிவது, கூட்டத்தில் பேசும் முன் பெயரைச் சொல்வது, ஆசிரியர் என்றால் மாணவர்கள் இடம் மாறாமல் உட்காருவது, இவ்வளவுதான். "முகம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுக்காமல், எந்த வேலை எங்கே தடைபடுகிறது, எதைச் செய்தால் நடக்கும் என்று எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பலர் கவனிக்காத இடம் நீதிமன்றம். அடித்தவனை அணிவகுப்பில் அடையாளம் காட்ட முடியாத சாட்சியைப் பொய்யர் என்று நினைப்பது எளிது. நடைமுறையில் தகுந்த மாற்றங்கள் செய்யப்பட வேண்டும் என்கிறது பிரிவு 13. குரலை, நடையைத்தான் அறிய முடியும் என்பதை விசாரணையின் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. உடன்படிக்கை கட்டுப்படுத்துவது அதில் சேர்ந்த அரசுகளை. முதலாளியிடம் அதையே நேராக நீட்டிப் பயனில்லை. உள்நாட்டுச் சட்டத்தில் இதே கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்தச் சட்டம் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, சதவீதம் கேட்பதாக இருந்தால், மருத்துவச் சான்றில் முகமறியாமையோடு நிறுத்தாதீர்கள். மூளையின் அதே பகுதி சேதமானால் பார்வைப் புலத்தின் ஒரு பகுதி மறைவது, நிறம் தெரியாமல் போவது, பழகிய வழி தவறுவது ஆகியவையும் சேர்ந்தே வரக்கூடும். நரம்பியல் மருத்துவரிடம் அவற்றையும் சோதிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சான்றில் எழுதி வாங்குங்கள்.