ஃபாக்ஸ்ஃபயர்: மட்கும் மரத்தில் சுடாத தீ

"ஃபாக்ஸ்ஃபயர் என்ற சொல்லுக்கு அகராதியில் மட்கிய மரத்தின் ஒளி என்று போட்டிருக்கிறது. இதில் நரி எங்கிருந்து வந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

ஆங்கிலத்தில் நரி பல பெயர்களுக்குள் புகுந்திருக்கிறது. தினைக்கதிர் நரிவாலைப் போலப் புசுபுசுவென்று இருப்பதால் அது ஃபாக்ஸ்டெயில் மில்லட். பழந்தின்னி வௌவாலுக்கு நரிமுகம், அதனால் ஃப்ளையிங் ஃபாக்ஸ். பழைய புத்தகத் தாளில் படியும் செம்பழுப்புப் புள்ளிகள் ஃபாக்ஸிங். இவற்றில் உருவமோ நிறமோ காரணமாக இருக்கிறது. ஃபாக்ஸ்ஃபயரில் இரண்டும் இல்லை. 'பொய்' என்று பொருள்படும் 'ஃபோ' என்ற பிரெஞ்சுச் சொல் திரிந்து இப்படி ஆனது என்கிறார்கள்; அதற்கு உறுதியான சான்று கிடையாது. சரி, பெயர் கிடக்கட்டும். அந்த ஒளி பிறக்கும் விதம் பெயரைவிடப் பல மடங்கு அழகானது.

ஒளிர்வது மரம் அல்ல, அதற்குள் ஊடுருவி அதைத் தின்னும் பூஞ்சையின் இழைகள். அப்படி ஒளிரும் பூஞ்சை இனங்கள் நூற்றுக்குச் சற்று மேல் தெரியவந்துள்ளன. விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1660-களிலேயே ஒளிரும் மரத்துண்டை ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். ஒளி மங்கியது. காற்றை உள்ளே விட்டதும் திரும்ப வந்தது. ஆக்சிஜன் என்று ஒன்று இருப்பது கண்டறியப்படுவதற்கு நூறாண்டு முன்பே, இந்த ஒளிக்குக் காற்று வேண்டும் என்று ஒரு சோதனை சொல்லிவிட்டது! காட்டில் வெளிச்சம் தெரிந்தால் பேய் என்று ஓடிய காலத்தில், ஒருவர் அதை எடுத்துவந்து சோதித்திருக்கிறார். மூடநம்பிக்கையால் நாம் இழப்பது இந்த இரண்டாவது பார்வையைத்தான்.

இப்போது வேதியியலுக்கு வருவோம். தொடக்கப்பொருள் காஃபியிக் அமிலம். பெயர் அப்படி இருந்தாலும் காஃபினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; தாவரங்களில் பரவலாக இருக்கும் சாதாரணப் பொருள் இது. பூஞ்சையின் ஒரு நொதி, அதாவது வேதிவினையைத் தூண்டும் புரதம், இதை நீட்டி வளைத்து ஹிஸ்பிடின் ஆக்குகிறது. அடுத்த நொதி அதோடு ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கிறது. இப்படிக் கிடைப்பதுதான் லூசிஃபெரின், அதாவது ஒளிதரும் பொருள். அப்புறம் லூசிஃபெரேஸ் என்ற நொதி வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனை அதோடு இணைக்கிறது. உருவாகும் மூலக்கூறு ஆற்றல் மிகுந்தது, ஒரு கணம்கூட நிலைக்காதது. அது கார்பன் டை ஆக்சைடை உதறிவிட்டு உடையும்போது, மிச்சமுள்ள துண்டு கூடுதல் ஆற்றலோடு, கிளர்ச்சி நிலையில் இருக்கிறது. அந்தக் கிளர்ச்சி அடங்கும்போது வெளிப்படுவதே சுமார் 520 முதல் 530 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி.

இதோடு முடிந்திருந்தால் மின்மினியின் கதையைப் போலத்தான். இங்கே நான்காவதாக ஒரு நொதி காத்திருக்கிறது. ஒளியைக் கொடுத்து ஓய்ந்த அந்தத் துண்டை அது வெட்டி, மறுபடியும் காஃபியிக் அமிலமாக்கிவிடுகிறது! தொடங்கிய இடத்துக்கே பொருள் வந்து சேர்கிறது. விளக்கு எரிந்த பிறகு அதே எண்ணெய் அகலில் மறுபடி ஊறுவதைப் போல. ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. அதை மரத்தைச் செரித்துப் பூஞ்சை ஈட்டிக்கொள்கிறது.

ரஷ்ய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2015-ல் இந்த லூசிஃபெரினையும், 2018-ல் அதற்கான மரபணுக்களையும் கண்டறிந்தது. தாவரங்களிடம் காஃபியிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது அல்லவா? அந்த மரபணுக்களைப் புகையிலைச் செடியில் சேர்த்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வில், வெளியிலிருந்து எதையும் ஊட்டாமலே செடி தானாக ஒளிர்ந்தது. பூக்களும் இளம் பகுதிகளும் கூடுதலாக மின்னின. செடியை வெட்டாமல் அதன் உள்ளியக்கத்தைப் பார்க்க இது ஒரு சன்னல். 2024 முதல் அமெரிக்காவில் ஒளிரும் பெட்டூனியா பூச்செடி விற்பனைக்கும் வந்துவிட்டது. மட்கிய மரத்தை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை படிக்க வேண்டும். பயன் தெரிந்த பிறகுதான் பணம் தருவோம் என்றால் பாயிலின் சோதனையே நடந்திருக்காது.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு விஷயம். படங்களில் பளிச்சென்று தெரியும் பச்சை, கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்ததால் வருவது. கண்ணுக்குப் பெரும்பாலும் வெளிறிய சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதுவும் இருட்டுக்குக் கண் நன்றாகப் பழகிய பிறகு. மங்கிய ஒளியை உணரும் நம் விழித்திரைக் குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது.

பூஞ்சை ஏன் ஒளிர்கிறது என்பதில்தான் சண்டை. பிரேசிலில் வளரும் நியோனோதோபானஸ் கார்ட்னெரி என்ற காளான் இரவில்தான் அதிகம் ஒளிர்கிறது. ஆய்வாளர்கள் காட்டில் பிளாஸ்டிக் காளான்களுக்குள் பச்சை எல்.இ.டி. விளக்கு வைத்தபோது, விளக்கில்லாதவற்றைவிட அவற்றிடம் அதிகப் பூச்சிகள் வந்தன. ஆக, வித்துகளைப் பரப்ப ஆள் சேர்க்கும் உத்தி என்று இந்த இனத்துக்குச் சொல்லலாம். ஆனால் ஆர்மிலாரியா என்ற பூஞ்சையில் காளான் குடை ஒளிர்வதில்லை, மரத்துக்குள் மறைந்திருக்கும் இழைதான் ஒளிர்கிறது. வித்தே இல்லாத இழைக்குப் பூச்சி எதற்கு? பூச்சி விளக்கம் அங்கே செல்லாது.