பாலிப் எடுத்தாச்சு, இனி ஃபோலிக் ஆசிட் சாப்பிடலாமா?

பெருங்குடலின் உட்சுவரில் முளைத்த பாலிப்பை (நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி) கொலோனோஸ்கோபியிலேயே, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும்போதே, வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது, பலரும் கேட்கும் கேள்வி இது: "டாக்டர், ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிட்டா இது திரும்ப வராதாமே?" சிலர் கேட்கவே மாட்டார்கள், ஏற்கெனவே 5 மில்லிகிராம் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். விட்டமின்தானே, என்ன பண்ணிடப் போகுது என்ற நினைப்பு. பாலிப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் நியாயம் இருக்கிறது. ஃபோலேட் என்பது பி9 விட்டமின், அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். கீரை, பருப்பு, பயறு, ஈரல், ஆரஞ்சு எல்லாவற்றிலும் உண்டு. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்கு முன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும், அதற்கான நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைத் தயாரிக்க ஃபோலேட் வேண்டும். ஃபோலேட் போதாவிட்டால் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யூராசில் புகுந்துவிடும். செல் அதைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்துச் சரிசெய்யப் பார்க்கும், இப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் டிஎன்ஏ இழையே முறிந்துபோகும். பெருங்குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பது, அதனால் இந்தக் கோளாறுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். உணவில் ஃபோலேட் அதிகம் சேர்ப்பவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியதும், "அப்போ மாத்திரையாகவே கொடுத்துவிடலாமே" என்ற யோசனை தானாக வந்தது.

கொடுத்தும் பார்த்தார்கள். பாலிப் எடுக்கப்பட்ட 1,021 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், மற்றவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2007இல் வெளியான முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நீண்டகாலம் கண்காணித்தபோது மூன்றோ அதற்கு மேலோ பாலிப் வந்தவர்கள் ஃபோலிக் ஆசிட் பக்கம்தான் அதிகம் இருந்தார்கள்.

இது ரொம்பப் பெரிய அதிர்ச்சியும் இல்லை. வேகமாகப் பிரியும் செல்லுக்கு ஃபோலேட் தேவை என்றால், கட்டியின் செல்லும் வேகமாகப் பிரிவதுதானே. 1948இலேயே சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிவதைக் காட்டினார். இன்று பரவலாகப் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே வம்சம்தான். ஆக, குடல் சுத்தமாக இருக்கும்போது ஃபோலேட் பாதுகாப்பாகவும், கண்ணுக்குத் தெரியாத சின்னக் கட்டி ஏற்கெனவே இருந்தால் அதற்குத் தீனியாகவும் ஆகலாம் என்பதுதான் இன்றுள்ள சந்தேகம்.

அதற்காகப் பயந்துபோய்க் கீரையை ஒதுக்காதீர்கள். 2013இல் 13 சோதனைகளையும் சுமார் 50,000 பேரின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஃபோலிக் ஆசிடால் புற்றுநோய் குறிப்பிடும்படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 400 மைக்ரோகிராம், ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அது உணவிலேயே வந்துவிடும். மாத்திரை வழியாக 1,000 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான உச்சவரம்பு. அந்த 5 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் ஐந்து மடங்கு! கூடவே பி12 குறைபாடு இருந்தால், இந்த அளவு ஃபோலிக் ஆசிட் ரத்தசோகையை மட்டும் சரிசெய்து காட்டிவிடும், நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். மது குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மது ஃபோலேட் சேர்வதையும் கெடுக்கும், தன் பங்குக்குப் பெருங்குடல் புற்றுநோயையும் வரவழைக்கும். இடையில் மாத்திரை போட்டு ஈடுகட்ட முடியாது.

ரத்தத்தில் ஃபோலேட் அளவைப் பரிசோதித்துக் கையில் ரிப்போர்ட்டோடு வருகிறவர்களும் உண்டு. சீரம் ஃபோலேட் என்பது கடந்த சில நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் சொல்லும், சிவப்பணு ஃபோலேட் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்லும். இரண்டுமே புற்றுநோய் வருமா வராதா என்று சொல்லாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. சோர்வு, மூச்சுவாங்கல், ஹீமோகுளோபின் குறைவு என்று போனால் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை கிடைக்கும். எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும், மறுபடி அதே மாத்திரை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் கட்டி பெரும்பாலும் வலிக்காது, மலத்தில் ரத்தமும் கண்ணுக்குத் தெரியாது, துளித்துளியாகக் கசிந்து இரும்புச்சத்தை மட்டும் காலி செய்துகொண்டிருக்கும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையால் எண் ஏறிவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதானபின் வருபவர்களைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று அமெரிக்கப் பரிந்துரைகள் சொல்கின்றன. ஆண்டுக்கொருமுறை மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்ப்பது, இல்லையென்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே. ஏற்கெனவே பாலிப் எடுத்தவர்களுக்கு அடுத்தது எப்போது என்பது பாலிப்பின் அளவையும் வகையையும் பொறுத்தது, அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்கள், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், குடல் புண்ணழற்சிக்கு சல்ஃபாசலசின் எடுப்பவர்கள் போன்றோருக்கு ஃபோலிக் ஆசிடைக் காரணத்தோடுதான் எழுதிக்கொடுத்திருப்பார்கள். கேப்பசைட்டபின் என்ற கீமோ மாத்திரையில் இருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதோடு ஃபோலிக் ஆசிட் சேர்ந்தால் மருந்தின் நச்சுத்தன்மை கூடி, வயிற்றுப்போக்கும் உள்ளங்கை, உள்ளங்கால் உரிவதும் கடுமையாகலாம். சத்து மாத்திரை, பவுடர் எதுவானாலும் டப்பாவோடு கொண்டுவந்து உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.