ஜனவரித் தீயும் மார்ச் தீயும்

பொங்கல் விடுமுறையில் மசினகுடி போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தெப்பக்காடு தாண்டியதும் சாலையோரப் புல்லுக்கு வனத்துறை ஆட்களே தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் பீடித் துண்டைப் போட்டால் வழக்கு, அவர்கள் கொளுத்தினால் பாதுகாப்பா?"

ஆமாம், பாதுகாப்புதான். அவர் பார்த்தது தீத்தடுப்புக் கோடு போடும் வேலை. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் கிழக்குப் பாதி மழை மறைவுப் பகுதி, வறண்ட இலையுதிர் காடு. மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்த புல் டிசம்பரிலிருந்து மெல்லக் காயத் தொடங்கும். தேக்கும் கருமருதும் இலை கொட்டும். பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை தீக்காலம். அதற்குள் சாலையோரங்களிலும் காப்பகத்தின் எல்லைகளிலும் மலை முகடுகளிலும் புதரையும் புல்லையும் வெட்டிக் காயவிட்டு, ஆட்கள் சுற்றி நிற்க, எரித்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கும் கோடைக்காலத் தீக்காவலுக்கும் பக்கத்துக் கிராமத்து இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்களில் பலர் தற்காலிகமாக வருகிறார்கள். மழை இறங்கியதும் வேலை முடிந்துவிடும்.

எரிவதற்கு எதுவும் இல்லாத பட்டையில் தீ நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த தீ முக்கோணம்தான்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். ஒன்றை எடுத்தால் தீ இல்லை. ஆனால் வாசகரின் கேள்விக்கு இது பதிலாகாது. கோடு போடுகிறேன் என்று வைக்கும் தீ ஏன் காட்டுக்குள் ஓடிவிடுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தீ நகர்கிறது என்கிறோம். உண்மையில் எதுவும் நகர்வதில்லை. எரியும் சருகு தன் பக்கத்துச் சருகைச் சூடாக்குகிறது, அது பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்துச் சருகு பற்ற வேண்டுமானால் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அந்த வெப்பத்தில்தான் இலையின் செல்லுலோஸ் சிதைந்து, எரியக்கூடிய வாயுவாக வெளியே வருகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவது. ஒரு கிராம் உலர்ந்த சருகை அந்த நிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 100 கலோரி வெப்பம் போதும்.

சருகில் ஈரம் இருந்தால் கணக்கே மாறிவிடும். ஒரு கிராம் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 75 கலோரி. அதை ஆவியாக்க மேலும் 540. ஆக 615 கலோரி. இந்தத் தண்ணீர் முழுக்கப் போகும்வரை இலையின் சூடு 100 டிகிரியை ஒட்டியே கிடக்கும், மேலே ஏறாது. அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டு புகைகிறதே, அந்த நேரம் முழுக்க நடப்பது இதுதான்.

இப்போது மூன்று இலைகளை எடுத்துக்கொள்வோம். தன் உலர் எடையில் 5 விழுக்காடு ஈரம் உள்ள மார்ச் மாத நண்பகல் சருகு: 100-உடன், 615-இல் 5 விழுக்காடான 31 சேர்த்து 131 கலோரி. பனியில் நனைந்து 25 விழுக்காடு ஈரம் ஏறிய சருகு: சுமார் 254. உயிரோடு நிற்கும் பச்சைப் புல்லில் உலர் எடைக்குச் சமமான தண்ணீர் இருக்கிறது என்று வைத்தால் 715. பக்கத்துச் சருகு எரிந்து கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் இதற்கு வந்து சேரும், மிச்சம் வானத்துக்குப் போய்விடும். 131 கேட்டால் அந்தப் பகுதி தாராளமாகப் போதும். 254 கேட்டால் தீ திணறும். 715 கேட்டால் பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும்.

1972-இல் அமெரிக்க வனத்துறையின் மிசௌலா ஆய்வகத்தில் ரிச்சர்ட் ரோதர்மல் என்ற பொறியாளர் இதையே ஒரு சமன்பாடாக எழுதினார். ஒரு பின்னம்: மேலே, முன்னால் இருக்கும் எரிபொருளுக்கு வந்து சேரும் வெப்பம். கீழே, அது பற்றிக்கொள்ளத் தேவையான வெப்பம். வகுத்தால் தீயின் வேகம். விவரங்கள் நிறைய உண்டு, உயிர்நாடி இவ்வளவுதான். இன்றும் காட்டுத்தீயைக் கணிக்கும் பல மென்பொருள்களுக்குள் அந்தச் சமன்பாடு உட்கார்ந்திருக்கிறது.

சரி, தீத்தடுப்புக் கோட்டுக்கு வருவோம். ஜனவரியில் ஒரு பட்டையை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். வெட்டிய புல்லுக்கு வேர் இல்லை, அது செத்துவிட்டது. சில நாள் வெயிலில் காய்ந்து 131 கலோரிப் பக்கம் வந்துவிடும். இரண்டடி தள்ளி நிற்கும் வெட்டாத புல் இன்னும் மண்ணிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. தீ வைத்தால் வெட்டிய பட்டை எரியும், ஓரத்துக்கு வந்ததும் பசுமையில் மோதித் தளரும். தப்பி உள்ளே ஓடும் சிறு நாக்குகளைப் பச்சைக் குழையால் அடித்து அணைத்துவிடலாம். அதாவது, அரிவாளே அந்தத் தீக்கு வேலி போட்டுவிடுகிறது. எந்தத் தொழில்நுட்ப விருதும் கிடைக்காத இந்த யோசனையைவிட அழகான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் இதற்கு வாய்ப்பு சில வாரங்கள்தான். முன்கூட்டி வெட்டினால் பனியும் மழையும் காயவிடாது, மறுபடி துளிர்த்துவிடும். பிந்தினால் சுற்றியுள்ள புல்லும் காய்ந்துவிடும், அப்புறம் வேலி கிடையாது. மார்ச்சில் அதே சாலையோரத்தில் விழும் பீடித் துண்டு ஏன் குற்றம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. தீ ஒன்றுதான், காடுதான் வேறு.

நாளுக்குள்ளும் இதே விளையாட்டு நடக்கிறது. செத்த இலை காற்றின் ஈரத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்யும். இரவில் வாங்கி வைக்கும், வெயிலில் விட்டுவிடும். 6 மில்லிமீட்டரைவிட மெல்லிய புல்லும் சருகும் ஒரு மணி நேரத்துக்குள் பெருமளவு காற்றுக்கு ஏற்ப மாறிவிடும். பருத்த மரக்கட்டைக்கு 1,000 மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் நண்பகலில் மிரட்டும் தீ அதிகாலையில் சாதுவாக இருக்கிறது. விழுந்து கிடக்கும் பெரிய கட்டையின் கதையோ வேறு: எளிதில் பற்றாது, பற்றிவிட்டால் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து பறக்கும் தீப்பொறி, ஆள் நடமாடாத தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால் காவலர்கள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் யானை திரியும் காட்டில்.

சரிவில் தீ மேல்நோக்கி ஓடுவதற்கும் இதே கணக்குதான். மேலே ஏறும் தீயின் சுவாலை சரிவின் மேல் சாய்ந்து, அடுத்த புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. ஆஸ்திரேலியத் தீ ஆய்வாளர் ஆலன் மக்ஆர்தர் தந்த தோராயக் கணக்குப்படி, ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் வேகம் இரட்டிக்கும். 30 டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. மனிதரால் மேட்டில் அப்படி ஓட முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். மலைச்சரிவில் காய்ந்த புல்லுக்கு நடுவே, பகல் வெயிலில் மாட்டிக்கொள்வது எவ்வளவு பயங்கரம் என்பதை அந்தச் செய்தியைப் படித்த பிறகும் பலர் உணரவில்லை. முகடுகளில் கோடு போடுவதன் காரணமும் புரிந்திருக்கும்: ஏறி வந்த தீ அங்கே சரிவின் உதவியை இழக்கிறது.

மூங்கில் உரசிக் காடு பற்றுகிறதாமே என்று இன்னமும் கேட்கிறார்கள். பச்சை மூங்கில் 715 கலோரிக்காரர். காற்றில் உரசும் சூடு அடுத்த நொடியே கலைந்துவிடும். நம் நாட்டுக் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையால் வருவது. மூங்கில் மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது, அதனால் அந்தக் கதை சாகவில்லை.

அதற்காக மனிதர் வைக்கும் தீ எல்லாம் அழிவு என்பதும் சரியில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோலிகர் என்ற பழங்குடி மக்கள் பருவத் தொடக்கத்திலேயே சருகைச் சிறு தீயாக எரித்துவந்தார்கள். மலை சரணாலயம் ஆனபின் அது தடைபட்டது. பிறகு அந்தக் காட்டில் உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் பெருகியதை ஆய்வாளர்கள் 1997, 2008 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். தீ நின்றது மட்டுமே காரணமா என்பதில் வாதம் உண்டு. ஆனால் குறும்பரும் சோலிகரும் தீயைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் சட்டம் எழுதினோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்று இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தீ எச்சரிக்கை அனுப்புகிறது. 375 மீட்டர் கட்டம் வரை பார்க்கும் கருவிகள். நல்லதுதான். ஆனால் அது தீ வந்த பிறகு வரும் செய்தி. வருமுன் தெரிய வேண்டியது சருகின் ஈரம். ரோதர்மலின் சமன்பாட்டோடு வரும் எரிபொருள் அட்டவணைகள் அமெரிக்கப் புல்லுக்கும் புதருக்கும் தயாரானவை. நம் தேக்குச் சருகையும் காட்டுப் புல்லையும் பருவம் முழுக்க எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போடும் வேலைக்கு அடுப்பும் தராசும் ஒரு நோட்டும் போதும். ஆனால் ட்ரோன் வாங்க நிதி கேட்டால் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது. அந்த எடை போடும் வேலையைக் கோடு வெட்டும் ஆட்களிடமே கூலியோடு கொடுக்கலாம். மழை இறங்கியதும் இந்த வேலையை இழக்கும் அவர்களைவிட அந்தப் புல்லை அறிந்தவர்கள் யார்?

வாசகரின் கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: எரிந்த இடத்தில் புள்ளிமான் கூட்டம் ஏன்? மேலே காய்ந்த தண்டு எரிந்தாலும் அடியில் புல்லின் முளை பிழைத்துக்கொள்கிறது. மண்ணில் கொஞ்சம் ஈரம் பட்டால் இளந்துளிர் வந்துவிடும், சாம்பலின் தாதுக்களும் கூட. சுற்றிலும் காய்ந்த காட்டில் அது மட்டும் பச்சை, மேய வராமல் என்ன செய்யும்? கோடுகளோ சாலையை ஒட்டி இருக்கின்றன. அதனால் அந்த மாதங்களில் அங்கே வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.